சாட்சிக் கையெழுத்து

கொடைக்கானல் மலையில் எங்கள் ஊர்ப்பக்கம் சரிவுகளைப் படிப்படியாக வெட்டிக் காட்டேஜ் கட்டி விற்ற ஒருவர், போன வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நின்று மலைச் சோலைக்காட்டு மரக்கன்று நட்டார். படம் என் கைப்பேசிக்கும் வந்தது. மனுஷன் மனம் திருந்திவிட்டார், செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடுகிறார் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் நெகிழ்ந்து பேசுகிறார்கள். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஏன் கிடையாது என்பதை இத்தனை வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தேன். மார்லோவின் ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ நாடகம் எங்களுக்குப் பாடம். எல்லா நூலும் கற்ற ஓர் அறிஞன், 24 ஆண்டுச் சுகத்துக்காகத் தன் ஆன்மாவைச் சாத்தானுக்குக் கிரயம் எழுதிக் கொடுக்கிறான். கையைக் கீறி ரத்தத்தில் எழுதும்போது பாதியில் ரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது. அவன் உடம்பே வேண்டாம் என்று தடுக்கிறது. சாத்தானின் ஆளான மெஃபிஸ்டோஃபிலிஸ் நெருப்புக் கொண்டுவந்து ரத்தத்தை இளக்க, மிச்சத்தையும் எழுதி முடிக்கிறான். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த இடம் பிற்பாடு என்னை விடாமல் துரத்தியது. கொடைக்கானல் சார்பதிவாளர் அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போட்ட அன்று என் கை நிற்கவே இல்லை.

2012. படிப்பு முடிந்து, வேலை கிடைக்காமல், கொடைக்கானல் பக்கத்தில் என் ஊரான வில்பட்டிக்குத் திரும்பியிருந்தேன். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் வட்டியோடு தலைக்கு மேல் நின்றது. நிலம் பார்த்துக் கொடுக்கும் ஒருவரோடு சேர்ந்து சுற்றத் தொடங்கினேன்.

எங்கள் தெருவுக்கு மேலே 42 செண்ட் நிலத்தில் வயசான ஒரு தம்பதி இருந்தார்கள். சொந்தம் கிடையாது, ஆனால் தெருவே அவர்களைப் பெரியப்பா, பெரியம்மா என்றுதான் கூப்பிடும். நாலு பேரி மரம், ரெண்டு பிளம்ஸ், மற்ற இடத்தில் பீன்ஸும் பூண்டும். மேல் மூலையில் ஒரு பாறைக்கடியில் ஊற்று. அந்தத் தண்ணீர் வாய்க்காலாக இறங்கி எங்கள் தெருவில் ஒன்பது வீட்டுக்கு வரும். சித்திரையிலும் அது வற்றி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் அதில் வாய் வைத்துக் குடித்துத்தான் வளர்ந்தேன்.

வாங்க வந்தவர் சென்னைக்காரர். நல்ல மனிதர். அவரைப் பேய் பிசாசு என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். பெரியப்பா தயங்கியதைப் பார்த்துவிட்டு, “அவங்களுக்கு விருப்பம் இல்லைன்னா விட்டுடலாம் தம்பி” என்றார். விடாதவன் நான்.

“ஊத்த விட்டுட்டு எங்கய்யா போறது?” என்று கேட்டார் பெரியப்பா. ரெண்டு பக்கமும் நிலத்தை வித்தாச்சு, அவர்கள் வேலி போட்டுவிட்டால் நீங்கள் கீழே இறங்கவே பாதை இருக்காது, பிறகு சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் வராது என்றேன். மூன்று நாள், மூன்று முறை போய் இதையே சொன்னேன். அரசாங்க நில அளவை வரைபடமான புலப்படத்தில் அந்த நிலத்துக்குப் பொது நடைபாதை இருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தப் படத்தை நானே பார்த்திருந்தேன். யார் வேலி போட்டாலும் அந்தப் பாதையை அடைக்க முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பதிவன்று ரெண்டாவது சாட்சி நான். எழுதிக் கொடுப்பவர்களை எனக்கு நேரில் தெரியும் என்பதற்கான கையெழுத்து அது. பெருவிரலில் மை காயாமல் உட்கார்ந்திருந்த பெரியம்மா, “இவன் எங்க புள்ள மாதிரி” என்று அங்கே இருந்தவர்களிடம் சொன்னார். எனக்குக் கிடைத்தது 55,000 ரூபாய். அக்கா கடன் அடைந்தது.

அவர்கள் மகனோடு இருக்க வத்தலக்குண்டுக்கு இறங்கினார்கள். அடுத்த தைப் பொங்கலுக்குள் பெரியப்பா போய்விட்டார். மேலே, கட்டட வேலைக்கு வந்த ஜேசிபி ஊற்றுக்கண் இருந்த பாறையைப் பிளந்துபோட்டது. மறு கோடையில் வாய்க்கால் நின்றது. ஒன்பது வீடும் இன்றைக்கு லாரித் தண்ணீர் வாங்குகிறது. அதில் என் அம்மா வீடும் ஒன்று.

பல வருஷம் கழித்துத்தான், அதே அறிஞன் கதையை வைத்து ஜெர்மன் கவிஞர் கதே எழுதிய ‘ஃபாஸ்ட்’ நாடகத்தின் இரண்டாம் பாகத்தை மொழிபெயர்ப்பில் படித்தேன். 1832-ல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. அதில் ஃபாஸ்ட் தொண்டுகிழவன். கடலை அணைகட்டித் தள்ளி, மக்கள் குடியேற நிலம் எடுத்துக்கொண்டிருக்கிறான். கண்ணுக்கு எட்டியதெல்லாம் அவனுடையது, ஒரே ஒரு மேட்டைத் தவிர. அங்கே ஃபிலேமோன், பௌசிஸ் என்று ஒரு கிழவரும் கிழவியும். ஒரு குடிசை, சில லிண்டன் மரங்கள், மணி அடிக்கும் ஒரு சின்னக் கோயில். அந்த மணிச்சத்தம் ஃபாஸ்டை உறுத்துகிறது. மாற்று இடம் கொடுத்துக் கிளப்பிவிடு என்கிறான் மெஃபிஸ்டோவிடம். மெஃபிஸ்டோ மூன்று அடியாட்களோடு போகிறான். குடிசை எரிகிறது, முதியவர்கள் சாகிறார்கள், அவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவனும் சாகிறான். ஃபாஸ்ட் பதறுகிறான். இடம் மாற்றத்தானே சொன்னேன், பறிக்கச் சொல்லவில்லையே என்கிறான்.

புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன். பெரியப்பாவின் பேரி மரங்கள் இருந்த இடத்தில் கண்ணாடிச் சன்னல் வைத்த மாடி தெரிந்தது. கதேயின் நாடகத்தில் நான் ஃபாஸ்டும் இல்லை, மெஃபிஸ்டோவும் இல்லை. அந்த மூன்று அடியாட்களில் ஒருவன்.

முடிவில் ஃபாஸ்டின் உயிர் பிரிகிறது. ஒப்பந்தப்படி ஆன்மாவை அள்ளிக்கொள்ள மெஃபிஸ்டோ காத்திருக்கிறான். தேவதூதர்கள் ரோஜா தூவி, அவனைத் தடுமாற வைத்து, ஆன்மாவைத் தூக்கிப் போகிறார்கள். ஓயாமல் முயல்கிறவனை மீட்க முடியும் என்கிறார்கள். அழகான காட்சி. எனக்கும் தொண்டை அடைத்தது. ஃபாஸ்டால் சீரழிந்த கிரெட்சென் அவனுக்காகப் பரிந்து வேண்டுகிறாள், அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் ஃபிலேமோனையும் பௌசிஸையும் அந்தச் சொர்க்கத்தில் ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. என் வருத்தம் அங்கேதான். கடன் பட்டது ஒருவரிடம், வரவு வைக்கிற இடம் வேறு. கன்று நடுகிற படத்தைப் பார்த்தபோதும் எனக்கு இதுதான் தோன்றியது. எந்தச் சரிவு போனதோ அந்தச் சரிவின்கீழ் இருக்கிற வீட்டுக்காரர்கள் அந்தப் படத்தில் இல்லை.

நம் பக்கத்துக் கதை இந்த விஷயத்தில் கறாரானது. பழையனூர் நீலியை நினைத்துப் பாருங்கள். வணிகனைக் கொல்லத் துரத்திவந்த பேய், கள்ளிக்கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் புருஷன் என்று பழையனூர் வேளாளர் சபையில் அழுகிறது. ‘நீலிக் கண்ணீர்’ என்ற சொல்லே அங்கிருந்துதான் வந்தது. சபையில் இருந்த 70 பேரும் அந்தக் கண்ணீரை நம்பி, உன் உயிருக்கு ஆபத்து வந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வணிகனுக்குப் பிணை சொல்லி, அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணமாகக் கிடக்கிறான். 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். திருவாலங்காட்டுப் பதிகத்தில் சம்பந்தர் இந்தக் கதையைத் தொட்டுப் பாடியிருக்கிறார். இவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள், வேண்டுமென்று தப்புச் செய்யவில்லை. இருந்தும் சொன்ன சொல்லுக்கு உயிர் கொடுத்தார்கள். நான் தெரிந்தே பொய் சொல்லிச் சாட்சி போட்டவன். இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் தலை குனிந்துவிடுகிறது.

ஃபாஸ்டுக்கும் பல நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கிறிஸ்தவக் கதை உண்டு. 6-ஆம் நூற்றாண்டு, இன்றைய துருக்கியின் தெற்கில் இருக்கும் அதானா. அங்கே தியோஃபிலஸ் என்ற திருச்சபை அதிகாரி, பறிபோன பதவிக்காகச் சாத்தானுக்கு எழுதிக் கொடுத்தான். பிறகு மனம் உடைந்து 40 நாள் உண்ணாமல் மாதாவிடம் அழுதான். கடைசியில் எழுதிக்கொடுத்த சீட்டு அவன் கைக்கே திரும்பி வந்தது. கதை அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். அவன் அதை ரகசியமாகக் கிழித்துப் போட்டுவிட்டு நடக்கவில்லை. ஆயரிடம் போய், கோயிலில் கூடியிருந்த சனங்கள் முன்னால் செய்ததையெல்லாம் சொன்னான். அதன் பிறகே சீட்டை எரித்தார்கள். சலேத் மாதா கோயில் படியில் உட்கார்ந்து ஒரு நண்பரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கேட்டார்: “நீ எப்ப எல்லார் முன்னாலயும் சொல்லப் போற?” இந்தப் பதிவு அதற்கு என் பதில்.

மீட்சியே கிடையாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மார்லோவின் ஃபாஸ்டஸ் கெட்டுப்போனதற்கு ஒப்பந்தம் மட்டும் காரணமில்லை. நடுவில் எத்தனையோ தடவை திரும்பிவர வாய்ப்பு வருகிறது. ஒரு முதியவர் வந்து கெஞ்சுகிறார். எனக்கெல்லாம் மன்னிப்பு ஏது என்ற அவநம்பிக்கையிலேயே அவன் மறுபடி மறுபடி அதே ஒப்பந்தத்துக்குள் போய் விழுகிறான். எங்கள் மலையில் தினமும் காதில் விழும் பேச்சும் அதுவே. “இனி என்னத்த மிச்சம் இருக்கு, வித்துட்டுக் கீழ போயிருவோம்.” மிச்சம் இல்லை என்று நம்பவைத்துத்தான் நானும் பெரியப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன். பேய்க்கு வாக்கப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகணும் என்பார்கள். ஏறினவர்கள் இறங்கவே முடியாது என்று அந்தப் பழமொழி எங்கேயும் சொல்லவில்லை.

2024 மே 7-லிருந்து கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் சீசனுக்கு, ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற கணக்கும் வந்தது, வார நாளில் 4,000, வாரக் கடைசியில் 6,000. நல்லது, வரவேற்கிறேன். ஊற்றுகளை யாராவது எண்ணினால் இன்னும் நல்லது. எங்கள் தெருவுக்கு மேலே மட்டும் என் சின்ன வயதில் நாலு இருந்தன.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வத்தலக்குண்டு போனேன். பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. “வாய்யா, சாப்புட்டியா?” என்றார். சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று பாதை விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், “பாதை இருக்குன்னு எனக்குத் தெரியும்யா. அந்தப் பாதையிலதான் நான் வாக்கப்பட்டு வந்தேன். படிச்ச புள்ள சொல்றான், காயிதத்துல வேற மாதிரி இருக்கும்னு உங்க பெரியப்பாதான் சொன்னாரு.”

அழுதேன். அவர் பேசாமல் முந்தானையால் தட்டைத் துடைத்து என் முன்னால் வைத்தார். மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை. சாதம் போட்டுக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஊத்துல தண்ணி வருதா?”

திரும்பிவந்து சென்னைக்காரரைப் பார்த்தேன். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். இப்படி ஒரு ஊற்று இருந்ததே தனக்குத் தெரியாது என்றார். மேல் மூலையில் 6 செண்டை அப்படியே விட்டுக்கொடுத்தார், எங்களை உள்ளே வரவும் அனுமதித்தார். நானும் தெருப் பையன்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறோம். சரிவில் கல்வரப்பு போட்டோம். புல்லை வெட்டாமல் வளரவிட்டோம். ஓரத்தில், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரங்கள் நின்றன. தோல் பதனிடும் பட்டைக்காக எங்கள் தாத்தா காலத்துப் புல்வெளிகளில் நிறைய இடத்தை இந்த மரத்துக்குக் கொடுத்தது வேறொரு பெரிய ஒப்பந்தம், அதைத் தனியாக எழுதவேண்டும். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் சாய்த்துவிடப் பார்த்தோம். விஷயம் தெரிந்த ஒருவர் தடுத்தார். வாட்டில் நிழலுக்குள்ளேயே சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வரும், மொத்தமாக வெட்டி வெயில் விழவைத்தால் மண்ணில் கிடக்கும் வாட்டில் விதைதான் காடாக எழும்பும் என்றார். குனிந்து பார்த்தோம். முழங்கால் உயரத்தில் நாவல் இனத்துக் கன்றுகள் அங்கங்கே நின்றன. நாங்கள் யாரும் நட்டதில்லை. இப்போது அவற்றைச் சுற்றி மட்டும் வாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறோம்.

இந்த ஐப்பசி மழை முடிந்ததும், பிளந்த பாறைக்கு ரெண்டடி கீழே புது இடத்தில் தண்ணீர் கசிந்தது. சுண்டுவிரல் கனம். பையன்கள் கூச்சல் போட்டார்கள், ஒருத்தன் வீடியோ எடுத்தான். பெரியம்மாவுக்கு அனுப்பலாம் என்றான். வேண்டாம் என்றேன். மழைக்காலத்தில் எந்தப் பாறையும் கசியும். மார்கழியிலும் நிற்கவில்லை, இன்று காலையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், கொஞ்சம் மெலிந்திருக்கிறது. பங்குனி வரட்டும். அப்போதும் வந்தால் ஒரு தூக்குவாளியில் பிடித்துக்கொண்டு வத்தலக்குண்டு பஸ் ஏறவேண்டும். பெரியம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. வாயில் வைத்தால் தெரிந்துகொள்வார்.