ஆயிரம் ரூபாய் இழைப்புளி, ஐந்து மணி நேர உப்புத்தாள்

அட்டைப்பெட்டி மேல் ‘வாங்கிய உடனே பயன்படுத்தலாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எதற்குப் பயன்படுத்த? காற்றில் பேப்பர் பறக்காமல் மேலே வைக்கவா?

பிளாக் பிளேன் என்று விற்கும் இந்த ஒற்றைக் கை இழைப்புளியில் அப்படி என்னதான் மாயம் இருக்கிறது? ஒரு இரும்பு வார்ப்பு, ஒரு பிளேடு, அதை அழுத்திப் பிடிக்க ஒரு மூடி, முன்னே பின்னே தள்ள ஒரு திருகு. ஸ்டான்லி கம்பெனியின் 9½, 60½ என்ற எண்களில் நூறு வருடத்துக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கும் வடிவத்தைத்தான் இன்றைக்கு எல்லாரும் காப்பியடிக்கிறார்கள். வெறும் 15 செ.மீ. நீளம். அதன் அடிப்பக்கத்தைச் சமமாக அரைத்துக் கொடுக்கக்கூட மலிவு பிளேன் செய்கிறவர்களுக்கு மனசு வரவில்லை.

அதைவிட எரிச்சல், அறிவுரை சொல்ல வருகிறவர்கள். ஒரு கோஷ்டி சொல்லும்: “எந்த பிளேனா இருந்தா என்ன, எல்லாம் தீட்டுறதுல இருக்கு. ஆயிரம் ரூபா பிளேனைத் தேய்ச்சு எடுத்தா இருபதாயிரம் ரூபா பிளேன் மாதிரி ஓடும்.” இன்னொரு கோஷ்டி: “லீ-நீல்சன் வாங்கு, இல்ல வெரிட்டாஸ் வாங்கு, முடியலைன்னா சும்மா இரு.” முன்னது அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சரக்கு, பின்னது கனடாச் சரக்கு. அனுப்பும் கூலி, சுங்கம், வரி எல்லாம் ஏறி இங்கே வந்து சேரும்போது அந்த விலைக்கு ஒரு நல்ல ரம்ப மெஷினே வாங்கலாம். இது அந்த இரண்டாவது கோஷ்டிக்குத் தெரியாமல் இல்லை. முதல் கோஷ்டி மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். பாதி உண்மையைச் சொல்லியே ஊரை ஏமாற்றுகிறார்கள். மலிவு பிளேனில் தேய்த்தால் தீரும் குறை உண்டு, தலைகீழாக நின்றாலும் தீராத குறையும் உண்டு. எது எது என்று ஒருத்தரும் பிரித்துச் சொல்வதில்லை.

தீரும் குறையிலிருந்து வருவோம். அடிப்பக்கம். இதற்கு உண்மையில் வேண்டியது மூன்றே இடங்கள் ஒரே மட்டத்தில் இருப்பது: முன் நுனி, வாய்க்கு (பிளேடு எட்டிப் பார்க்கும் பிளவுக்கு) ஒட்டினாற்போல் முன்னால் இருக்கும் பட்டை, பின் நுனி. நடுவில் வேறெங்காவது லேசான பள்ளம் இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் வாய்க்கு முன்னால் பள்ளம் இருந்தால், நாரை அழுத்திப் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை, பிய்த்துக்கொண்டுதான் வரும். வாய்க்குப் பின்னால் மேடு இருந்தால் இன்னும் மோசம். பிளேடு மரத்தைத் தொடாது. தொட வைக்கத் திருகைத் தள்ளுவீர்கள், தொட்டதும் ஒரேயடியாகக் கடித்து நிற்கும். நேரான ஸ்டீல் ஸ்கேலை அடிப்பக்கத்தில் நிறுத்தி, பைக் மெக்கானிக் வால்வு இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜில் 0.05 மி.மீ. தகட்டை நுழைத்துப் பாருங்கள். அந்த மூன்று இடங்களில் எதிலாவது நுழைந்தால் தேய்க்க வேண்டியதுதான்.

தேய்ப்பதிலும் தப்பான பாடம் நடக்கிறது. பிளேடைக் கழற்றி வைத்துவிட்டுத் தேய்க்காதீர்கள். பிளேடை 3 மி.மீ. உள்ளே இழுத்து, மூடியை வேலை செய்யும்போது இருக்கிற அதே இறுக்கத்தில் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். மூடி அழுத்தும்போது வார்ப்பு லேசாக வளையும். கழற்றிவிட்டு மட்டமாக்கினால், மாட்டியதும் மட்டம் போய்விடும். 10 மி.மீ. கண்ணாடி, அல்லது மிச்சம் கிடக்கும் கிரானைட் துண்டு. அதன்மேல் 80 நம்பர் தாள், அப்புறம் 120, அப்புறம் 220, போதும். முகம் பார்க்கிற பளபளப்பு வீண் வேலை. அடிப்பக்கம் முழுக்க பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டு, எங்கே கோடு அழிகிறது, எங்கே அழியாமல் நிற்கிறது என்று பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அழுத்தம் ஒருமுறை முன் நுனியிலும் மறுமுறை பின் நுனியிலும் மாறி விழுந்தால் அடிப்பக்கம் படகு மாதிரி ஆகிவிடும். அப்புறம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கடைசியில் ஓரக் கூர்மையை அரத்தால் லேசாக மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் மரத்தில் கோடு விழும். இரண்டு மணி நேரம் போச்சா? இது எளிய பகுதி.

அடுத்து பிளேடு. பின்பக்கம் முழுக்கச் சாணைக்கோடு, ஏதோ ஏர் உழுத மாதிரி. முழுவதையும் சமமாக்க வேண்டாம், வெட்டு விளிம்பிலிருந்து 3 முதல் 5 மி.மீ. வரை போதும். பிளாக் பிளேனில் பிளேடு குப்புறக் கிடப்பதில்லை, சாணை பிடித்த சாய்வு மேலே பார்க்க மல்லாந்து கிடக்கிறது. அதனால் மரத்தில் உரசித் தேய்வது அந்தத் தட்டையான பின்பக்கம்தான். “சாய்வைத் தீட்டிட்டேன், ஆனாலும் வெட்டலை” என்று புலம்புகிறவர்கள் பின்பக்கத் தேய்மானத்தை எடுக்காமல் விட்டவர்கள். பிளேடை ஒரே கோணத்தில் நிறுத்தும் பிடிப்பான் வைத்துத் தீட்டுகிறவர்களுக்கு: இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் சாதாரண வகையில் பிளேடு 50 மி.மீ. வெளியே நீட்டினால் 25 டிகிரி, 38 மி.மீ. நீட்டினால் 30 டிகிரி. 1000 நம்பர் கல்லில் பிசிர் எழும்பும்வரை, பிறகு 3000, 8000. கல் இல்லாதவர்களுக்குக் கண்ணாடிமேல் 400, 800, 1500, 2000 எமரித் தாளே போதும்.

இந்த டிகிரியில் ஒரு மோசடி இருக்கிறது, அதைச் சொல்லாமல் நகர முடியாது. 60½ வகை பிளேனில் பிளேடு 12 டிகிரியில் படுத்திருக்கும், 9½ வகையில் சுமார் 20. பிளேடு மல்லாந்து கிடப்பதால், வெட்டுக்கோணம் என்பது மேடைக்கோணமும் (பிளேடு படுத்திருக்கும் கோணம்) சாணைச் சாய்வும் சேர்ந்தது. 12 கூட்டல் 25, ஆக 37. பலகையின் வெட்டு முனையில் நார்கள் நிமிர்ந்து நிற்கும், அவற்றை வழுக்கி அறுக்க இந்தத் தாழ்ந்த கோணம்தான் வேண்டும். ‘லோ ஆங்கிள்’ என்று போட்டு விற்கிற மலிவுச் சரக்கில் பிளேடின் சாய்வை 35 டிகிரியில் அரைத்து அனுப்பினால் என்ன ஆகும்? 47. தாழ்கோணத்துக்குக் காசு கொடுத்துவிட்டுச் சாதாரணக் கோணத்தில் மல்லுக்கட்டுகிறீர்கள். நம் ஊர் வேம்பு, வேங்கை மாதிரி நார் குறுக்கும் நெடுக்கும் பின்னிக்கொண்டிருக்கும் மரத்துக்கு 50 டிகிரி நல்லது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு 38 டிகிரியில் தீட்டிய இரண்டாவது பிளேடு வைத்துக்கொள்வது என் முடிவாக இருக்க வேண்டும், தொழிற்சாலையில் யாரோ அவசரத்தில் செய்ததாக இருக்கக்கூடாது.

எஃகு மட்டரகமாக இருந்தால் தேக்கு காட்டிக்கொடுத்துவிடும். தேக்கில் மணல் சத்து உண்டு, முனை சீக்கிரம் மழுங்கும். பிளைவுட் ஓரத்தில் ஒட்டிய பீடிங் என்ற மெல்லிய மரச்சட்டத்தைச் சீவும்போது பசைக்கோடு வேறு சேர்ந்து அடிக்கும். நாலு இழுப்புக்கு ஒரு தீட்டல் என்றால் வேலை எப்போது முடியும்? போகட்டும், பிளேடு கெட்டதென்றால் வேறு நல்ல பிளேடு போட்டுக்கொள்ளலாம்.

இனி தீராத குறை.

பிளேடு படுத்திருக்கும் மேடை. பிளாக் பிளேனின் உயிரே இங்கேதான் இருக்கிறது. வாய்க்குப் பக்கத்தில், வெட்டு விளிம்புக்கு நேர் அடியில், பிளேடுக்குத் தாங்கல் வேண்டும். மலிவுப் பிளேனில் மேடையை அரைப்பதே இல்லை, வார்த்தபடியே விட்டு மேலே பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். பிளேடு பின்னால் ஒரு மூலையிலும் முன்னால் ஒரு மூலையிலும் தொட்டுக்கொண்டு, நொண்டி நாற்காலி மாதிரி ஆடும். விளைவு, வெட்டு முனையில் தள்ளினால் கடகடவென்று அதிர்ந்து அலை அலையாகக் கோடு விழும். பிளேடு எவ்வளவு கூராக இருந்தும் பயனில்லை. சோதனை சுலபம். கடை பில் காகிதத்தில் ஒரு மெல்லிய துண்டு கிழித்து, பிளேடுக்கும் மேடைக்கும் நடுவில் வாய்க்கு ஒட்டி வைத்து மூடியை இறுக்குங்கள். காகிதத்தை இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அங்கே தாங்கல் இல்லை.

“அரத்தைப் போட்டு மட்டமாக்கு” என்பார்கள். சொல்வது சுலபம். 12 டிகிரி என்பது ஏறக்குறையப் படுத்த கோணம், மேடை வாயை நெருங்க நெருங்கத் தகடு மாதிரி மெலிந்துகொண்டே போகும். பெயின்டைச் சுரண்டலாம், துருத்திக்கொண்டிருக்கும் ஒரு மேட்டை மெல்லிய தட்டை அரத்தால் தட்டலாம். அதற்குமேல் போனால் அந்த மெல்லிய உதடே தேய்ந்து பின்வாங்கும். தாங்கல் இன்னும் தள்ளிப் போகும், வாய் இன்னும் அகலும். சரிசெய்யப் போய் கெடுத்துக்கொண்டு வருகிற இடம் இது.

வாயைச் சொன்னேனே, அதுவும் ஒரு தலைவலி. பாதி மலிவுப் பிளேன்களில் வாய் நிரந்தரமாக 3 மி.மீ. திறந்தே கிடக்கிறது. நீங்கள் எடுக்கப் போகும் சீவல் 0.05 மி.மீ. வெட்டு முனைக்கு அகன்ற வாய் பரவாயில்லை. நீளவாக்கில், மாறு நாரில் இழைக்க வாய் 0.2 மி.மீ. அளவுக்குக் குறுக வேண்டும். முன் தகட்டை நகர்த்தி வாயைச் சுருக்கும் வசதி இருக்கிற பிளேன்தான் வாங்கத் தகுந்தது. அதிலும் மலிவில் தகடு தன் பள்ளத்துக்குள் லொடலொடவென்று ஆடி, கோணலாக இறுகும், ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்திருக்கும்.

அப்புறம் அந்தத் திருகு. உள்ளே தகரத்தை மடித்துச் செய்த ஒரு நெம்பு, அது பிளேடின் வரிப்பள்ளத்தில் தொளதொளவென்று உட்காரும். இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினாலும் ஒன்றும் நடக்காது, அப்புறம் திடீரென்று அரை மி.மீ. வெளியே வந்து நிற்கும். எந்தப் பிளேனிலும் பிளேடைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் தள்ளித்தான் அளவை முடிக்க வேண்டும், அப்போதுதான் இந்தத் தொளதொளப்பு பிளேடைப் பின்வாங்க விடாது. அது பழக்கம். ஆனால் மூன்று சுற்றுத் தொளதொளப்புக்குப் பழக்கம் மருந்தாகாது. பக்கவாட்டில் கோணலைச் சரிசெய்ய வசதியே இல்லாததில், சின்னச் சுத்தியலால் தட்டித்தான் சரிப்படுத்த வேண்டும். ஆசாரி மரத்தில் செய்த இழைப்புளியிலும் சுத்தியல்தான். பிளேடைத் தட்டினால் இறங்கும், கட்டையின் பின்புறத்தில் தட்டினால் ஏறும். ஆனால் அதில் பிளேடு தடியானது, மேடை மரத்தில் ஒட்டிப் படுத்திருக்கிறது, ஆப்பு இறுகப் பிடித்திருக்கிறது. திருகே இல்லாத அந்தக் கட்டை இந்த இரும்புப் பொம்மையைவிட நூறு மடங்கு நேர்மையானது.

விலை உயர்ந்ததை வாங்கினால் எதற்குக் காசு போகிறது என்பதையும் சொல்லிவிடலாம், அந்தக் கோஷ்டி அதைச் சொல்லாது. வெண்கல மூடியைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள். காசு போவது அரைத்த மேடைக்கும், ஒட்டி நகரும் முன் தகட்டுக்கும், சுற்றினால் உடனே அசையும் திருகுக்கும். உடம்பு டக்டைல் இரும்பு, சிமென்ட் தரையில் விழுந்தால் அடிபடும், உடையாது. மலிவின் சாம்பல் வார்ப்பு, மேசை உயரத்திலிருந்து விழுந்தாலே வாய்க்குப் பக்கத்தில் விரிசல் விடும். பிளேடு 3 மி.மீ. தடிமன். ஏ2 என்ற ரக எஃகு என்றால் 25 டிகிரியிலேயே விடாதீர்கள், முனை பொடிப்பொடியாக உதிரும், விளிம்பில் மட்டும் 30 டிகிரியில் ஒரு நுண்சாய்வு போட்டுக்கொள்ளுங்கள். ஆமாம், இருபதாயிரம் கொடுத்ததையும் தீட்டித்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் பத்து நிமிடம், ஐந்து மணி நேரம் அல்ல. அடிப்பக்கத்தில் மெழுகுவர்த்தியை நாலு கோடு இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும், இது மலிவுக்கும் பொருந்தும். கடற்கரை ஊர்க்காரர்கள் வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைக்காவிட்டால், எந்த விலையும் துருவைத் தடுக்காது.

மாதத்துக்கு நாலு பீடிங் ஓரம் மழுக்குகிறவருக்கு இருபதாயிரம் பைத்தியக்காரத்தனம். தினம் பலகை முனை சீவுகிறவருக்கு ஆயிரம் ரூபாய்ச் சரக்கு அதைவிடப் பெரிய செலவு. இடையில் இருப்பவர்கள் பழைய இரும்புக் கடையில் தேடலாம். வாய் ஓரத்திலும் பக்கச் சுவரிலும் விரிசல் இல்லாமல், முன் தகடும் அதன் நெம்பும் தொலையாமல், பிளேடு பாதியாவது மிச்சம் இருந்தால், துரு ஒரு பொருட்டே இல்லை.

புதிதாக வாங்குவதென்றால் கூடவே ஒரு ஸ்டீல் ஸ்கேலும் பில் காகிதத் துண்டும் கொண்டு போங்கள், ஐந்து நிமிட வேலை. இணையத்தில் வாங்கினால் அந்த ஐந்து நட்சத்திர விமர்சனங்களை நம்பாதீர்கள். ‘பேக்கிங் அருமை’ என்றுதான் எழுதியிருக்கும். கூடப் போட்டிருக்கும் சுருள் சுருளான சீவல் படம், மெத்தென்ற பைன் மரத்தை நீளவாக்கில் இழைத்தது, அதைக் காய்கறிக் கத்தியாலும் எடுக்கலாம். தேக்கின் வெட்டு முனையில் சுருள் வருகிறதா, பொடி வருகிறதா என்ற படத்தை ஒருத்தர்கூடப் போடமாட்டார். கடைக்காரரிடம் பிளேடைக் கழற்றிக் காட்டச் சொன்னால், “கழட்டினா ரிட்டர்ன் கிடையாது சார்.” கழற்றாமல் மேடையை எப்படிப் பார்ப்பது என்று கேட்டால், “அதான் பெட்டி மேலயே படம் போட்டிருக்கே சார்.” பெட்டி மேல் இருப்பது மூடி போட்ட படம்.