இறந்தவரை உரிமை கொண்டாடும் முன்

வாழ்நாள் முழுதும் சகோதரர்களாக இருப்போம் என்று மாணவர்கள் சேரும் அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபிரட்டர்னிட்டி சங்கங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது குடியும் கும்மாளமும்தான். அந்தப் பெயரை அவையே சம்பாதித்துக்கொண்டன, மறுக்கவில்லை. ஆனால் ஓர் உறுப்பினர் இறந்தால் அவை என்ன செய்கின்றன என்பதை அருகிலிருந்து பார்த்தவர் அவ்வளவு எளிதில் அவற்றை ஒதுக்கிவிட முடியாது. குறிப்பாக, கருப்பின மாணவர்கள் தொடங்கிய சங்கங்களை. அவர்கள் செய்யும் இறுதி மரியாதையின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்த மதிப்பினால்தான் அவர்களிடமும் மற்ற ஃபிரட்டர்னிட்டிகளிடமும் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன்.

1906 டிசம்பர் 4 அன்று நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கருப்பின மாணவர்கள் சேர்ந்து ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளை மாணவர்களின் சங்கங்கள் அவர்களை வாசலில்கூட நிறுத்தாத காலம் அது. இந்தச் சங்கத்தின் கிளைகளுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டுகிறார்கள். கடைசி எழுத்தான ஒமேகாவை மட்டும் எந்த ஊர்க் கிளைக்கும் கொடுப்பதில்லை. இறந்த உறுப்பினர்கள் அனைவரும் இருக்கும் கிளை அது. ஒருவர் காலமானால் அவர் ஒமேகா கிளைக்குப் போய்ச் சேர்ந்தார் என்றுதான் மற்றவர்களுக்கு அறிவிக்கிறார்கள். 1911இல் இந்தியானாவில் தோன்றிய காப்பா ஆல்ஃபா சை சங்கத்தார் தங்கள் இறந்தவர்களைக் 'கண்ணுக்குப் புலப்படாத கிளை'யில் சேர்க்கிறார்கள். பெண்களின் சங்கமான ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் 'சுவருக்கு அப்பாலுள்ள ஐவிக்கொடி' என்ற பெயரில் தனிச் சடங்கே நடக்கிறது. (துளசேந்திரபுரத்தில் தாய்வழி வேர் கொண்ட கமலா ஹாரிஸ் 1986இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது இந்தச் சங்கத்தில்தான்.) ஆள் போய்விட்டார், பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவோம் என்ற எண்ணத்துக்கே இவர்களிடம் இடமில்லை.

இந்தப் பிடிவாதத்தின் வேர் கல்லூரிக்கு வெளியே, வெகு பின்னால் இருக்கிறது. அடிமையாக இருந்தவருக்கு முறையான அடக்கம் என்பதே எஜமானின் தயவில் கிடைக்க வேண்டிய ஒன்று. 1787இல் ஃபிலடெல்ஃபியாவில், அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றிருந்த ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் ஃப்ரீ ஆஃப்ரிக்கன் சொசைட்டி என்ற சங்கத்தை அமைத்தபோது, உறுப்பினர்கள் மாதம் ஒரு வெள்ளி ஷில்லிங் கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். நொடித்துப்போனவருக்கு அதிலிருந்து வாராந்தர உதவி, இறந்தவரின் மனைவி மக்களுக்கு ஆதரவு. பின்னர் ஊர் ஊராக ஈமச்செலவுக்கென்றே இப்படிப்பட்ட சங்கங்கள் முளைத்தன. யாழ்ப்பாணத்திலோ மலையகத்திலோ மரண சகாய சங்கத்துக்குச் சந்தா கட்டி வளர்ந்த குடும்பத்தாருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நீ செத்தால் அநாதையாகக் கிடக்க மாட்டாய் என்ற உறுதியைப் பணம் உள்ளவர்கள் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

என்னோடு வேலை பார்த்த மூத்த பொறியாளர் ஒருவர் ஒமேகா சை ஃபை என்ற வேறொரு கருப்பினச் சங்கத்தின் உறுப்பினர். அவருடைய இறுதி வழிபாட்டுக்கு முன்பு, தேவாலயத்தில் அரை மணி நேரம் சங்கத்தாருக்கென ஒதுக்கியிருந்தார்கள். கருப்பு சூட்டும் வெள்ளைக் கையுறையும் அணிந்த ஆண்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். எண்பது வயது கடந்த ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். இறந்தவரும் அவரும் ஒரே பருவத்தில் சங்கத்தில் சேர்ந்தவர்களாம். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போனதில் அவரால் கையுறையை மாட்ட முடியவில்லை. பின்னால் நின்ற கல்லூரி மாணவன் ஒருவன் தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, பொறுமையாக மாட்டிவிட்டான். அவன் இறந்தவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. வேறு ஊர்க் கிளையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்தவன். பிறகு எல்லோரும் பெட்டியைச் சுற்றி வட்டமாகக் கைகோத்து நின்று சங்கப் பாடலைப் பாடினார்கள். பெரியவரின் குரல் மற்றவர்களை விட்டுப் பின்தங்கியது. வட்டம் முழுவதும் அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டது. தன் தந்தையின் இருபது வயதை அறிந்தவர்கள் இனி இந்த மனிதர்கள் மட்டும்தான் என்று மகள் என்னிடம் சொன்னார்.

சடங்கோடு மட்டும் நின்றிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். அதே சங்கத்தின் உறுப்பினர்தான் டாக்டர் சார்லஸ் ட்ரூ. இரத்தத்திலிருந்து பிளாஸ்மா என்னும் திரவப் பகுதியைப் பிரித்துச் சேமிக்கும் முறையைப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். 1940இல் ஜெர்மன் குண்டுவீச்சில் தவித்த பிரிட்டனுக்குப் பிளாஸ்மா அனுப்பும் பணியை நடத்தியவர். அவர் முன்னோடியாக உருவாக்கிய செஞ்சிலுவைச் சங்க இரத்த வங்கியே முதலில் கருப்பர்களின் இரத்தத்தை ஏற்க மறுத்தது. பிறகு ஏற்றுக்கொண்டு, வெள்ளையரின் இரத்தத்தோடு கலக்காமல் தனியாக வைத்தது. இதற்கு அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை என்று ட்ரூ வெளிப்படையாகவே கண்டித்தார். 1950 ஏப்ரல் 1 அன்று, அலபாமாவின் டஸ்கீகியில் நடந்த இலவச மருத்துவ முகாமுக்கு மூன்று சக மருத்துவர்களோடு இரவெல்லாம் காரோட்டிப் போனபோது, வட கரோலினாவில் விபத்துக்குள்ளாகி 45 வயதில் இறந்தார். அந்த ஆண்டின் இறுதியில்தான் செஞ்சிலுவைச் சங்கம் இரத்தத்துக்கு இன அடையாளம் இடுவதைக் கைவிட்டது.

வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால் ட்ரூ இரத்தமின்றி இறந்தார் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அது உண்மையல்ல. அங்கிருந்த மருத்துவர்கள் அவரைக் காப்பாற்ற முயன்றார்கள் என்று காரில் உடனிருந்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அக்காலத்தில் எத்தனையோ கருப்பர்கள் மருத்துவமனை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதால்தான் அந்தக் கதை நம்பும்படி இருந்தது. ஆனாலும் இறந்தவரைப் பற்றி உண்மையைச் சொல்வதும் அவருக்குச் செய்யும் மரியாதைதான்.

ஒமேகா சை ஃபை சங்கத்தார் ட்ரூவின் பெயரில் இரத்ததான முகாம்கள் நடத்துகிறார்கள். கிளைகள் செய்தே ஆக வேண்டிய பணிகளில் இதுவும் ஒன்று. இதைவிட மேலான நினைவுச்சின்னம் எனக்குத் தெரியாது. ஒரு மனிதர் எதற்காக உழைத்தாரோ, எதற்காகச் சண்டையிட்டாரோ, அதே காரியம் அவர் பெயரால் ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தில் மடக்குக் கட்டிலைப் போட்டு நடக்கிறது. அங்கே எடுக்கும் பையில் யாருடைய நிறமும் எழுதப்படுவதில்லை.

ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா செய்ததும் சிறிய காரியமல்ல. மார்ட்டின் லூதர் கிங் 1952இல், பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சங்கத்தில் சேர்ந்தார். வாஷிங்டனில் அவருக்கு நினைவிடம் வேண்டும் என்ற யோசனை 1984இல் சங்க உறுப்பினர்களிடம் பிறந்தது. நாடாளுமன்ற அனுமதி 1996இல் கிடைத்தது. 2011 அக்டோபர் 16 அன்று, லிங்கன், ஜெஃபர்சன் நினைவிடங்களுக்கு நடுவே, 30 அடி உயரச் சிலையோடு அது முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. தங்களில் ஒருவருக்காக 27 ஆண்டுகள் ஒரு சங்கம் விடாமல் நின்றது.

இனி என் கேள்வி. ஒமேகா கிளையோ கண்ணுக்குப் புலப்படாத கிளையோ, இந்த மரியாதைகள் எல்லாம் உறுப்பினர்களுக்கு உரியவை. சேர வந்து, 'சோதனை' என்ற பெயரில் நடக்கும் கொடுமையில் உயிரை விட்டவன் விதிப்படி உறுப்பினன் அல்லன். ராகிங் என்று நமக்குத் தெரிந்த அதே வெறிக்கு அங்கே ஹேஸிங் என்று பெயர்.

கருப்பினச் சங்கங்களின் தலைமைகள் 1990இல் கூடி, இந்தக் கொடுமைக்கு இடம்கொடுத்த பழைய சேர்க்கை முறையையே ஒழித்தன. அதற்குப் பிறகும், 1994இல் மிசூரியில் காப்பா ஆல்ஃபா சையில் சேர வந்த மாணவர் நாள்கணக்கில் அடிவாங்கி இறந்தார். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள சங்கங்களின் கணக்கு இதைவிடக் குறைந்தது அல்ல. 2017 பிப்ரவரி 2 இரவு பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை இல்லத்தில், 19 வயது டிமோதி பியாஸாவுக்கு அளவுக்கு மீறி மது கொடுத்தார்கள். அவன் படிக்கட்டில் விழுந்தான். அடிபட்டுக் கிடந்தவனுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸை அழைக்கவில்லை. இல்லத்தின் கேமராக்களில் எல்லாம் பதிவாகியிருந்தது. பிப்ரவரி 4 அன்று இறந்தான். அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி அழைத்த இரவு அது.

அவன் பெயர் இன்று நிலைத்திருப்பது அவனுடைய பெற்றோர் போராடிக் கொண்டுவந்த பென்சில்வேனியாவின் 2018ஆம் ஆண்டு ஹேஸிங் தடுப்புச் சட்டத்தில். கல்லூரிகள் ஹேஸிங் நிகழ்வுகளைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டமும் 2024 டிசம்பரில் வந்துவிட்டது. இறந்தவரைத் தன்னவர் என்று உரிமை கொண்டாடும் சங்கம், அவர் உயிரோடு இருந்தபோது அவருக்குப் பொறுப்பேற்றிருக்க வேண்டும். மூப்பெய்தி இறந்தவரின் பெட்டியைச் சுற்றிக் கைகோத்து நிற்பவர்கள், தங்கள் வாசலில் விழுந்தவனைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எனக்கு ஒப்பவில்லை. உறுப்பினர் பட்டியலைக் காட்டித் தப்பித்துக்கொள்வது வழக்கறிஞர்களுக்குப் பொருந்தலாம். சகோதரர்கள் என்று சொல்லிக்கொள்பவர்களுக்குப் பொருந்தாது.

சங்கங்களின் தேசிய மாநாடுகளில் மறைந்தவர்களுக்கு நினைவு வழிபாடு நடக்கிறது. அங்கே, தங்கள் சங்கத்தில் சேர வந்து இறந்தவர்களின் பட்டியலையும் தலைவரே எழுந்து நின்று வாசிக்க வேண்டும். எந்த ஆண்டு, எந்தக் கல்லூரி, எப்படி இறந்தார் என்பது வரை சொல்ல வேண்டும். பெற்றோர் இசைந்தால் அவர்களை வரவழைத்து, பேச விரும்பினால் மேடையில் இடம் கொடுக்க வேண்டும். இசையாவிட்டால் பெயரை விட்டுவிட்டு மற்றதை வாசிக்கலாம். அந்த ஆண்டு புதிதாகச் சேரும் மாணவர்கள் அத்தனை பேரும் அந்த அவையில் இருக்க வேண்டும்.