படிக்க மட்டும் வயது போதாதா?

மனநோயுள்ள தாயுடன் வளரும் சிறுமியைப் பற்றிய இளையோர் நாவல் ஒன்றை அறிமுகப்படுத்தும் கட்டுரையைப் படித்தேன். இது பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று அதை எழுதியவர் தயங்குகிறார். அந்த வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்குப் படிக்க மட்டும் வயது போதாதா?

மன்னார்குடியில் என்னோடு படித்த ஒருத்தி, விடியலில் உலை வைத்து, தம்பிக்குத் தலைவாரி, அம்மாவின் மாத்திரை அட்டையில் எத்தனை மீதி என்று எண்ணிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். காத்துக் கருப்பு என்றார்கள் ஊரார். மனநோய் தீரும் என்று நம்பி மக்கள் போகும், திருச்சி அருகிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், அம்மாவைத் தங்கவைத்தார்கள். கோயிலுக்குப் போனதை நான் குறை சொல்லவே மாட்டேன். அந்தக் குடும்பத்துக்கு அப்போது அதுதான் பிடிமானம். ஆனால் அத்தனை நாளும் அந்த இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டார்களா என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் சண்டை போட்டதால்தான் அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று அவள் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாள். உன்னால் அல்ல என்று சொல்லும் ஒரு கதை அன்று அவள் கையில் கிடைத்திருக்க வேண்டும்!

இத்தகைய நாவல்கள் டெல்டாவின் அரசுப் பள்ளி நூலகங்களுக்கு வர வேண்டும். பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைசிப் பக்கத்தில் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்ணை, அச்சிடுங்கள். கட்டணமில்லை, இரவிலும் தமிழிலேயே பேசலாம்.