அனுபிஸின் கையில் எதற்கு வாள்?

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில், ஐந்து துண்டுகளாகப் பிரித்து மாட்டும் வகையைச் சேர்ந்த பெரிய கான்வாஸ் படம் ஒன்று தொங்கியது. நரித்தலையும் மல்லனின் தோள்களும் கொண்ட எகிப்தியக் கடவுள் அனுபிஸ், கண்களில் சிவப்பு ஒளி தெறிக்க, வாளேந்தி நின்றார். பின்னால் பிரமிடுகளும் மின்னலும் இருந்தன. வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. விழா வீட்டில் சொல்ல மனம் வராததால் இங்கே எழுதுகிறேன்.

புராணத்தைக் கற்பனையாக வரையக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மனித உடலின் மேல் வல்லூறின் தலையையும் அரிவாள் மூக்கனின் தலையையும் பொருத்தி, அது சற்றும் விகாரமாகத் தோன்றாதபடி வரைந்தவர்களுக்குக் கற்பனையைப் பற்றி நாம் பாடம் எடுக்க முடியாது. என் குறை வேறு. இன்றைய கான்வாஸ் படங்கள் அந்தக் கடவுள்களை எல்லாம் ஒரே வீடியோ கேமின் வில்லன்களாக மாற்றிவிடுகின்றன.

அனுபிஸின் கறுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலைவன நரி கறுப்பு நிறமுடையது அல்ல. நைல் வெள்ளம் விட்டுச்செல்லும் வண்டல் மண்ணின் கறுப்பு, எகிப்தியர்களுக்கு விளைச்சலின் நிறம், மறுபிறப்பின் நிறம். தங்கள் நாட்டையே அவர்கள் 'கறுப்பு நிலம்' என்றுதான் அழைத்தார்கள். இறந்த உடலைப் பதப்படுத்திக் காப்பவருக்கு அந்த நிறத்தைத் தந்ததில் ஆறுதல் இருக்கிறது. கான்வாஸில் அதே கறுப்பு பேயின் நிறமாகிவிடுகிறது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, பொ.ஆ.மு. 1250-ஐ ஒட்டிய அனி என்னும் எழுத்தரின் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருளில், இறந்தபின் அவருக்கு நடக்கும் தீர்ப்புக் காட்சியில் அனுபிஸ் என்ன செய்கிறார் தெரியுமா? மண்டியிட்டு, தராசின் முள் நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு தட்டில் அனியின் இதயமும், மறு தட்டில் மாஅத் என்னும் நியாயத்தின் இறகும் இருக்கின்றன. எழுத்துக்கும் அறிவுக்கும் கடவுளான தோத் எழுதுகோலோடு காத்திருக்கிறார். அனியும் மனைவியும் குனிந்தபடி உள்ளே வருகிறார்கள். நகைக்கடையில் எடை பார்ப்பவரிடம் இருக்கும் கவனம்தான் அந்த நரிமுகத்தில் இருக்கிறது. மின்னலும் தசைகளும் இல்லாமலேயே அந்தக் காட்சி எனக்கு அச்சம் தருகிறது, ஏனென்றால் எடை போடப்படுவது ஒரு மனிதனின் வாழ்க்கை.

தோத்துக்குப் பின்னால் முதலைத் தலையும் சிங்கத்தின் முன்னுடலும் நீர்யானையின் பின்னுடலும் கொண்ட அம்மித் நிற்கிறது. பாவத்தால் கனத்த இதயத்தைத் தின்பது அதன் வேலை. ஆனால் இத்தகைய சுருள்களில் அது தின்பதாக வரையமாட்டார்கள், அது எப்போதும் பசியோடு காத்திருக்கும். வரைந்தால் அது நடந்துவிடும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. பிரமிடுகளின் உட்சுவர் எழுத்துகளில்கூட சில விலங்கு உருவங்களை வெட்டுண்டவையாகவே செதுக்கினார்கள், அவை உயிர்பெற்று உள்ளே இருப்பவரைத் தாக்கிவிடக் கூடாதே என்பதற்காக. இணையக் கடை ஒன்றிலோ, இரத்தம் சொட்டும் இதயத்தை அம்மித் கடித்துக்கொண்டிருக்கும் படம் 'படுக்கையறைக்கு ஏற்றது' என்ற குறிப்போடு விற்பனைக்கு இருந்தது. அனி அதைப் பார்த்திருந்தால் அன்றிரவு தூங்கியிருக்கமாட்டார்.

துணியில் வரைவதும் பழைய எகிப்தியர்களுக்குப் புதிதன்று. 1930-இல் எகிப்தின் கெபெலீனில் கிடைத்த, பிரமிடுகளுக்கும் முந்தைய ஓவியம் தீட்டிய லினன் துணி இன்று இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் படகுகளும் துடுப்பு போடுபவர்களும் தெரிகிறார்கள்.

மாயக் கற்பனைதான் வேண்டும் என்றால் வான்தேவி நூட்டை வரையலாமே? மாலையில் சூரியனை விழுங்கி, இரவு முழுவதும் அது தன் உடலுக்குள் பயணம் செய்ய, காலையில் அதை மீண்டும் ஈன்றெடுப்பவள் அவள். ஆறாம் ராமசேஸின் கல்லறைக் கூரையில் அவளுடைய நீண்ட உடல், முதுகோடு முதுகாக இருமுறை வரையப்பட்டிருக்கிறது. ஒன்று பகலுக்கு, மற்றொன்று இரவுக்கு. அந்தக் கூரையை நன்றாகப் பார்த்துவிட்டு, வாளும் மின்னலும் இல்லாமல் ஒருவர் அவளைக் கான்வாஸில் வரைந்தால் நான் கட்டாயம் வாங்குவேன். என் வீட்டுக் கூடத்தில் மேற்குச் சுவர் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.