தானே வந்தேறிவிட்டு, பிறகு வந்தவனிடம் கணக்கா?
ஆஸ்திரேலியா, கனடா மாதிரி நாடுகளில் குடியேறுகிறவர்கள் வீட்டு மொழியையும் விட்டால்தான் தேச ஒற்றுமை நிற்கும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார் அதன் ஆசிரியர். மதுரைக்காரனான எனக்கு அது ஏறவில்லை. மகால் பக்கம் வந்து பாருங்கள், குஜராத் பக்கமிருந்து வந்து குடியேறிய சௌராஷ்டிரர்கள் நாயக்கர் காலம்தொட்டு வீட்டில் தங்கள் மொழியில்தான் பேசுகிறார்கள். அந்தச் சமூகத்துப் பிள்ளைதான் பாடகர் டி.எம்.சௌந்தரராஜன். தமிழ் உச்சரிப்புக்கு அவரைத்தானே காட்டுகிறோம்!

வெள்ளையரல்லாதாரைத் தடுக்க 1901-லேயே சட்டம் போட்டது ஆஸ்திரேலியா. வேண்டாதவருக்கு ஏதாவதொரு ஐரோப்பிய மொழியில் 'சொல்வதெழுதுதல்' வைத்துத் திருப்பி அனுப்பினார்கள் (நம்மூர் வாத்தியார்கூட அப்படி ஃபெயிலாக்க மாட்டார்). 1958-ல் அந்தத் தேர்வு போனது, 1973-ல் 'வெள்ளை ஆஸ்திரேலியா' என்ற அந்தக் கொள்கையே போனது. நாடு உடைந்தா போயிற்று? கனடாவோ 1971-லேயே பன்முகப் பண்பாட்டை அரசின் கொள்கையாக அறிவித்துவிட்டது.

இத்தனை நீளக் கட்டுரையில் அந்த மண்ணின் பூர்வகுடிகளைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. ஏன் சார்?