காய்ச்சலும் கிரந்தியும்
"ஒப்பரேசனுக்கு அடுத்த நாளே காய்ச்சல் என்றால் கிருமிதான், மீன், முட்டை கிரந்தி, தொடக்கூடாது" என்று மேலே ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். கிரந்தி என்றால் புண்ணை ஆறவிடாமல் சீழ் பிடிக்க வைக்கும் சாப்பாடு என்று எங்கள் ஆட்கள் நம்புவது. இரண்டும் பிழை. பெரிய சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதல் 48 மணி நேரக் காய்ச்சல் பெரும்பாலும் வெட்டுக்கு உடம்பு காட்டும் அழற்சிதான். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவும் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். இறங்காமல் ஏறினால்தான் கிருமி என்று சந்தேகம். காயத்தில் கிருமி வழக்கமாக ஐந்தாம் நாளை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் தெரியும். அதாவது, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) முல்லைத்தீவு வீட்டுக்கு வந்த பிறகு. காயம் சிவந்து, சூடாகி, சீழ் கசிந்தால் கிளினிக் நாள் வரை பார்த்திருக்காதீர்கள்.

சாப்பாடு? அம்மாவுக்கு ஒரு கிழமை சோறும் ரசமும் மட்டும் கொடுத்த ஆள்தான் நானும். காயம் ஆறப் புரதம் வேண்டும். ஒவ்வாமை இல்லையென்றால் மீனைக் கொடுங்கள்.