நியூட்ரலில் மலையிறங்கும் மேதாவிகள்

கொல்லிமலையிலிருந்து என் காரை ஓட்டி வந்த உறவினர், சோளக்காட்டைத் தாண்டியதுமே கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, "இனிமேல் காரவள்ளி வரைக்கும் டீசல் செலவே இல்லை" என்றார். நான் மறுத்ததும் அவர் தம்முடைய இருபது ஆண்டு அனுபவத்தை எடுத்து நீட்ட, நானும் வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடிக்கொண்டதற்கான பில் இப்போது என் மேசைமேல் கிடக்கிறது.

அந்தச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பாதியைக் கடப்பதற்குள் கருகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது; அதுவும் முன்னால் போகும் பேருந்திலிருந்து வருகிறதாம்! அடுத்த சில வளைவுகளில் பிரேக் பெடல் பஞ்சுபோல் உள்ளே இறங்கியது. அதன் பிறகுதான் அந்த அனுபவசாலிக்கு இரண்டாம் கியரும் கைப்பிரேக்கும் நினைவுக்கு வந்தன.

ஐந்து பேரோடு சுமார் 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 40 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் கிட்டத்தட்ட முழுச்சூடும் நான்கு சக்கரங்களின் பிரேக்குகள் தலையில்தான் விழும். இத்தனையும் எதற்காக? இன்றைய எஞ்சின்கள், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் அணையாமல் இருப்பதற்காக டீசலைக் குடிக்கின்றன. ஆக, அவர் மிச்சம் பிடித்ததாக நினைத்த டீசலையும் சேர்த்தே வீணாக்கியிருக்கிறார்.

வண்டியை ஓரங்கட்டியதும் இன்னொரு மேதாவி எங்கிருந்தோ ஓடிவந்து, புகைந்துகொண்டிருந்த சக்கரத்தின்மீது குடிதண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்தார். பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு, கோணிப்போகும், விரிசலும் விடலாம் என்று நான் கத்தியது அவர் காதில் விழவேயில்லை.

என் பங்குக் குற்றமும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் பொருள். அதில் டாட் 3 என்ற தர வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டானால், மிதிக்கும் விசை குமிழிகளை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். நான்கு ஆண்டுகளாக அந்த ஆயிலை மாற்றாமல், ஒவ்வொரு சர்வீஸிலும் குறைந்ததை நிரப்பி மட்டும் அனுப்பிய பணிமனையை நம்பியது என் தவறு.

அதே பணிமனை இப்போது, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பட்டைகளான பேட்களைக் காட்டி, "பேட் மட்டும் மாத்தினால் போதும் சார்" என்றது. பழைய பேட்கள் கண்ணாடிபோல் வழவழத்துக் கிடக்கின்றன, டிஸ்க் நீலம் பாரித்திருக்கிறது, மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. இவ்வளவுக்கும் பேட் மட்டும் போதுமாம்! டிஸ்க்கின் கனத்தை அளந்து காட்டுங்கள் என்று மூன்று முறை கேட்ட பிறகே அளக்கும் கருவி வெளியே வந்தது. டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் குறைந்தபட்ச அளவை ஒட்டி நின்றது கனம். லேத்தில் கடைய வழியில்லை, இரண்டு டிஸ்க்கும் புதிதாக வாங்கித்தான் போட்டேன்.

இதற்கிடையில் அந்த உறவினரோ, "வண்டியில் பிரேக் பிடிக்கவே இல்லை, என் அனுபவத்தால்தான் எல்லோரும் பிழைத்தோம்" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.